எருமைக் கண்டக்டர் இல்லாத மத்தியானம்

அந்த அக்காவிடம் 'இல்லை' என்று சொல்லிவிட்டு யாரும் சும்மா அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட முடியாது. சண்டை போடமாட்டாள். குரலை உயர்த்தமாட்டாள். சொன்னவர் முகத்தைப் பார்த்தபடி ஒன்று கேட்பாள்.

"இல்லன்னு சொல்லாதீங்க. எங்க இருக்குன்னு சொல்லுங்க."

ரேஷன் கடையில் பாமாயில் இல்லை என்றால் எந்தக் கடைக்குப் போயிருக்கிறது என்று கேட்பாள். சிலமலை பஸ்ஸில் உட்கார இடமில்லை என்றால், இடமுள்ள பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டுக்கொண்டு படியிலேயே நிற்பாள். வண்டி கிளம்ப முடியாது. பதில் சொல்வதைவிட இடம் பிடித்துக் கொடுப்பது சுலபம் என்று கண்டக்டருக்கே தோன்றிவிடும். இதைத் தந்திரம் என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தெரியவில்லை. ஒரு பொருள் இங்கே இல்லை என்றால் வேறு எங்கேயோ இருக்கிறது என்பதை அவள் உண்மையாகவே நம்பினாள்.

நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். கம்பத்தில் திராட்சைத் தோட்டம், மூணாறில் ஓட்டல், கொஞ்ச நாள் கேபிள் டி.வி.க்கு வயர் இழுக்கிற சோலி, பிறகு மலை ஜீப்பில் லோடு ஏற்றுவது என்று சுற்றிவிட்டு, முதுகு தாங்குகிற வரைக்கும் என்று போடியில் ஓர் ஏலக்காய் குடோனில் மூட்டை தூக்கச் சேர்ந்தேன். அங்கேதான் அக்காவைத் தெரியும். காய் பொறுக்குகிற பெண்களில் ஒருத்தி.

வெளிச்சம் பட்டால் பச்சை வெளுத்துவிடும் என்று குடோன் சன்னல்களை அடைத்துத்தான் வைத்திருப்பார்கள். குழல் விளக்குக்குக் கீழே வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். முன்னால் காய்க் குவியல். நல்ல பச்சை ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம். புதிதாக வருகிறவர்களுக்கு வாசனையில் மூக்கு எரியும், கண்ணில் தண்ணீர் வரும். ஒரு வாரத்தில் வாசனையே தெரியாமல் போய்விடும். கண்ணும் கையும் காயை விட்டு நகரக் கூடாது. காதுக்கு மட்டும் வேலை இல்லை.

அந்தக் காதுகளுக்குத்தான் எருமைக் கண்டக்டர்.

இப்போதுள்ள பிள்ளைகளுக்கு அந்தத் தொடர் தெரியாது. நான் சின்னவனாக இருந்தபோது டி.வி.யில் வந்தது. துணியால் செய்த பொம்மை எருமை, தோளில் தோல் பை, காதில் சொருகிய டிக்கெட் கட்டு. மலைச் சாலையில் ஓடும் ஒரு பஸ்ஸில் அவன் கண்டக்டர். எதையும் அவசரமில்லாமல் செய்வான். ஒவ்வொரு முறையும் ஒரு பயணி தப்பான ஊரில் இறங்கிவிடுவார். பஸ் திரும்பிப் போய் அவரை ஏற்றிக்கொண்டு வரும். கதை அவ்வளவுதான். கடைசியில் ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்தச் சொல்லி விசில் ஊதுவான். தூக்குவாளியைத் திறப்பான். நம்மைப் பார்த்து, "வண்டி நின்னாச்சு, வாய் ஓடட்டும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடத் தொடங்குவான். நிஜமாகவே ஒரு நிமிடம் போல மென்றுகொண்டிருப்பான். வேறு எதுவும் நடக்காது.

அது ஒரு ஓடிடி செயலியில் பழைய சிறுவர் தொடர்கள் வரிசையில் இருந்தது. அக்கா தன் போனைக் காய்ச் சாக்கின்மேல் சாய்த்துவைத்து அதை ஓடவிடுவாள். பெண்கள் யாரும் பார்த்ததில்லை. வருடக்கணக்காகக் கேட்டது மட்டும்தான். நான் மூட்டையோடு மெதுவாக நடந்தால், "எருமை டிக்கெட் கிழிச்சிட்டு வருது, வழி விடுங்கடி" என்பார்கள்.

பார்த்தது ஒரே ஒருத்தி. அக்காவின் மகள்.

மகளுக்கு அப்போது இருபத்தைந்து தாண்டியிருக்கும். தலைமுடியை ஆண்பிள்ளை மாதிரி வெட்டியிருப்பார்கள். விரலில் ஒரு சணல் துண்டைச் சுற்றுவதும் பிரிப்பதுமாக அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். பேச்சு நாலைந்து வார்த்தைதான். பிறந்ததிலிருந்தே மூளை வளர்ச்சி குறைவு, கூடவே வலிப்பு. காலையில் டீயும் ரஸ்க்கும், இரவில் கொஞ்சம் பால். சோறு என்பது மத்தியானம் ஒரு வேளைதான். அதுவும் எருமை தூக்குவாளியைத் திறந்தால்தான். அவன் ஒரு வாய் வைத்தால் இவள் ஒரு வாய் வைப்பாள். அவன் மென்றால் இவள் மெல்லுவாள். அவன் முடிப்பதற்குள் இவள் தட்டு முடியாது. அதனால் அந்த இடத்தை மட்டும் மூன்று நான்கு தடவை திருப்பிப் போடுவார்கள். வலிப்பு மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுக்கக் கூடாது. சோறு இறங்கினால் மாத்திரை, மாத்திரை இறங்கினால் அன்றைக்கு வலிப்பு இல்லை. இவ்வளவும் அந்த எருமையின் வாயில் இருந்தது.

தேனியில் ஒரு டாக்டர் இது வெறும் பழக்கம்தான், பட்டினி போட்டால் தானாகச் சாப்பிடுவாள் என்று சொன்னாராம். அக்கா ஒரு தடவை போட்டுப் பார்த்தாள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறியது. அதோடு அந்த வைத்தியத்தை விட்டுவிட்டாள்.

முதலாளி முதலில் மகளைக் குடோனுக்குள் விடவில்லை. திங்கிற சரக்கு இருக்கும் இடம், ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது என்றார். அவர் கேட்டது தப்பில்லை. அக்கா வழக்கம்போல, "எங்க விடட்டும்னு சொல்லுங்க மொதலாளி" என்றாள். பள்ளிக்கூடத்தைச் சொன்னார். மூன்று மாதம் போனாள், பிறகு சேர்க்கமாட்டோம் என்றார்கள் என்றாள். சொந்தக்காரர்களைச் சொன்னார். கட்டிலில் கட்டிவைத்தார்கள், காலில் இன்னும் தழும்பு இருக்கிறது என்றாள். வீட்டில் பூட்டிவிட்டு வரலாமே என்றார். அதற்கு மட்டும் அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். முதலாளி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். மறுநாள் காலை மகளுக்கென்று ஒரு சாக்கை நான்காக மடித்துப் போட்டு அக்கா உட்காரவைத்தாள். 

ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அக்கா போனை எடுத்து எருமையை ஓடவிட்டு மகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். எதிர்வரிசையில் ஒருவர், இவ்வளவு பெரிய பொம்பளைக்குச் சின்னப் பிள்ளைகள் படத்தைப் போட்டுக்காட்டுகிறாயே, அதனால்தான் புத்தி வளரவில்லை என்று நாலு பேர் காதில் விழும்படி சொன்னார்.

"பாலு கூடச் சின்னப் பிள்ளைக்குத்தான்ணே," என்றாள் அக்கா. "நீங்க இன்னும் காப்பியில ஊத்திக் குடிக்கிறீங்க."

அந்த வரிசையில் அவரிடம் மட்டும் இரண்டாம் முறை பாயசம் வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. நான்தான் பரிமாறிக்கொண்டிருந்தேன்.

இப்படி இருந்தபோதுதான் ஒருநாள் எருமையின் படத்துக்கு மேலே சிவப்பாக ஒரு பட்டை வந்தது. எனக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான் வரும். கூட்டிப் பார்த்ததில், இந்த மாதக் கடைசியோடு இது போய்விடும் என்று இருந்தது. அக்காவிடம் சொன்னேன். எங்கே போகிறது என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. செயலிக்குள் உதவி என்று ஒரு பெட்டி இருந்தது. அதில் அவள் சொல்லச் சொல்லத் தமிழில் தட்டிப்போட்டேன். நன்றி என்று ஆங்கிலத்தில் பதில் வந்தது. மறுபடி தட்டினேன். மறுபடி அதே நன்றி. பேசுவதற்கு ஒரு மனுசன் அதற்குள் இல்லை. அக்காவின் கேள்வியைக் கேட்க முகம் இல்லாத இடத்தை நான் முதன்முதலாகப் பார்த்தேன்.

பிறகுதான் டவுன்லோடு என்ற யோசனை வந்தது. குடோனில் வைஃபை உண்டு. முதலாளியிடம் கேட்டு, எருமையின் எல்லாக் கதைகளையும் அவள் போனில் இறக்கினோம். எங்கள் தொழிலில் இதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. விலை சரியில்லை என்றால் சரக்கை உள்ளே வைத்துப் பூட்டுவோம். உள்ளே வந்த சரக்கு நம்முடையது. வெளியே மார்க்கெட் என்ன ஆனாலும் பூட்டுக்குள் இருப்பதை எவனும் தொட முடியாது. முதலாளியும் அதையே சொன்னார்: "எறக்கிட்டயில்ல, இனி அவன் கடையையே மூடுனாலும் உனக்கென்ன." பெண்கள் எல்லாருக்கும் நிம்மதி. அக்கா அந்தப் போனில் வேறு யாரையும் கூப்பிடக்கூட இல்லை. பச்சை போகாமலிருக்கக் காய்க்குச் சுற்றுகிற கறுப்பு பாலிதீன் தாளை வெட்டி, மத்தியானம் போக மீதி நேரமெல்லாம் போனை அதில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தாள்.

புது மாதம் பிறந்த அன்று மத்தியானம் தாளைப் பிரித்தாள். எருமையின் படம் சாம்பல் நிறத்தில் இருந்தது. தொட்டால் ஓடவில்லை. இது இப்போது கிடைக்காது என்று ஒரு வரி. அவ்வளவையும் நம் போனுக்குள்ளேயே வைத்து அவர்கள் பூட்டியிருந்தார்கள்.

முதலாளி வாங்கிப் பார்த்துவிட்டு, "நம்ம குடோன்ல இருக்குற சரக்க அவன் எப்பிடிடா எடுப்பான்" என்றார். போனைத் திருப்பித் தரக்கூட மறந்து கையிலேயே வைத்திருந்தார். பூட்டின குடோனிலிருந்து சரக்கை எடுத்தால் போடியில் அதற்குப் பெயர் வேறு. போலீஸ் வரும்.

அன்று மகள் சாப்பிடவில்லை. பெண்கள் முயற்சி செய்தார்கள். கேட்டுக் கேட்டு மனப்பாடமாயிருந்ததால் ஒருத்தி எருமை மாதிரியே பேசினாள், ஒருத்தி விசில் அடித்தாள். மகள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டை மெல்லத் தள்ளிவைத்தாள். நான் வேறு இடங்களில் தேடிப்பார்த்தேன். ஒன்று கிடைத்தது, அதில் எருமை இந்தியில் பேசியது. மகள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மறுநாள் மோர் மட்டும் கொஞ்சம் இறங்கியது. அன்று சாயங்காலம் காய்க் குவியலுக்குப் பக்கத்திலேயே வலிப்பு வந்தது. அக்கா மகளைப் பக்கவாட்டில் சாய்த்து, வாயைத் துடைத்து, அடங்கும் வரை தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அடங்கியதும் என்னைப் பார்த்தாள்.

"நீ கேபிள்காரங்கிட்ட இருந்தியே தம்பி. அவன் இத லீவு நாள்ல போடுவான்ல?"

போட்டிருக்கிறான். டி.வி.யில் மறுபடி வந்தபோது டிஸ்கில் பதிந்து வைத்துக்கொண்டு, பள்ளி விடுமுறையில் தன் லோக்கல் சேனலில் விடுவான். டிஷ் வந்தபிறகு தொழில் படுத்து, குரங்கணியில் கொஞ்சம் காப்பித் தோட்டமும் ஒரு டீக்கடையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மூன்று பேரும் ஏறினோம். ஒரு தூக்குவாளியில் சோறும் இன்னொன்றில் ரசமும் அக்கா எடுத்துக்கொண்டாள். கிடைக்காமல் திரும்பி வருவதற்கு அவள் எந்த ஏற்பாடும் செய்திருக்கவில்லை.

கேபிள்காரன் என்னைப் பார்த்துச் சிரித்தான். விசயத்தைக் கேட்டதும், "அதெல்லாம் இல்லக்கா, எடைக்குப் போட்டாச்சு" என்றான்.

அக்கா கடை பெஞ்சில் மகளை உட்காரவைத்தாள். தானும் உட்கார்ந்தாள். எந்தக் கடையில் எடைக்குப் போட்டான் என்று கேட்டாள். டிஸ்க் வைத்திருந்த பெட்டியைத்தான் போட்டேன் என்றான். அப்படியானால் உள்ளே இருந்ததை என்ன செய்தான் என்று கேட்டாள். அவன் கொஞ்ச நேரம் டீ ஆற்றினான். பிறகு வெட்கத்தோடு பின்பக்கம் கையைக் காட்டினான்.

கடைக்குப் பின்னால் சரிவில் கொய்யா மரங்கள். கிளி கொத்தாமலிருக்க டிஸ்குகளை நூலில் கோத்துக் கிளைகளில் தொங்கவிட்டிருந்தான். காற்றில் திரும்பித் திரும்பி மின்னின. கிளிகள் பயந்து போனது உண்மைதான், குரங்குகள்தான் வந்து முகம் பார்க்கின்றன என்றான்.

நான் மரத்தில் ஏறினேன். அக்கா கீழே முந்தானையை விரித்து நின்றாள். வெயிலில் கிடந்தவை கண்ணாடி மாதிரி வெளுத்துப்போயிருந்தன. அக்கா ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, வெளுத்தது ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம் என்று பழக்கத்தில் பிரித்தாள். காப்பிச் செடிகளுக்குள் தாழ்வாக நின்ற ஒரு மரத்தில், நிழலில் இருந்த சில டிஸ்குகளில் மட்டும் நிறம் இருந்தது. கேபிள்காரன் வீட்டுக்குள் இருந்து பழைய டி.வி.யையும் பிளேயரையும் தூசி தட்டிக் கொண்டுவந்தான். முதலாவது சுற்றிக்கொண்டே இருந்தது. இரண்டாவதில் யாருடைய கல்யாணமோ ஓடியது. மூன்றாவதில் மலைச் சாலை வந்தது, பஸ் வந்தது.

படம் மங்கல். கீழே எழுத்து வரிசையாக ஓடிக்கொண்டிருந்தது. போடியில் ஒரு பெண்ணின் பூப்புனித நீராட்டு விழாவுக்கு மாமன்மார் வாழ்த்து. அந்தப் பிள்ளைக்கு இப்போது இரண்டு பிள்ளைகள் என்றான் கேபிள்காரன். அக்கா அவன் பக்கம் திரும்பவே இல்லை. மகளின் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சணல் சுற்றுவது நின்றிருந்தது.

எருமை விசில் ஊதினான். வாளியைத் திறந்தான். அக்கா இந்த வாளியைத் திறந்தாள்.

"சாப்பிடு ஆத்தா," என்றாள்.

மகள் வாயைத் திறந்தாள். அந்த இடத்தை எத்தனை தடவை திருப்பிப் போட்டோம் என்று தெரியாது. கேபிள்காரன் ரிமோட்டை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து போட்டுக்கொண்டே இருந்தான். டீ குடிக்க வந்தவர்கள் தாங்களே ஊற்றிக் குடித்துவிட்டுப் போனார்கள். ரசமும் தீர்ந்தது. அக்கா மாத்திரையைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் ஒரு டீ கேட்டாள்.

டிஸ்குகளைப் போடிக்குக் கொண்டுவந்தோம். கம்ப்யூட்டர் கடையில் பென்டிரைவுக்கு மாற்றக் கொடுத்தபோது, கடைக்காரர் ஒன்றை ஓட்டிப் பார்த்துவிட்டு, கம்பெனிக்காரன் படத்தைக் காப்பி எடுப்பது குற்றம் என்றார்.

"கொய்யா மரத்துல தொங்கவிட்டப்ப யாரும் குத்தம்னு வரலையே," என்றாள் அக்கா. "சாப்பிட எடுத்தாத்தான் குத்தமா? வரட்டும். குடோன்லதான் இருப்பேன். வெரசா மாத்திக் குடுங்க."

தேறியது மூன்று கதைகள். நாலாவது பாதியில் நின்றுவிடும். போதும். முதலாளி கழித்துக் கொடுத்த ஒரு பழைய டி.வி.யில் பென்டிரைவைச் செருகி அந்த மூன்றையே மாற்றி மாற்றிப் போட்டார்கள். பெண்களுக்குச் சலிக்கவில்லை. அல்லது சலித்ததைச் சொல்லவில்லை.

எனக்கு அதன்பிறகு ஒரே ஊரில் இருந்து இருந்து கால் அரிக்கத் தொடங்கியது. கிளம்புவதற்குச் சில நாள் முன்னால் ஒரு மத்தியானம் அக்காவின் போன் அடித்தது. கை காயில் இருந்ததால் என்னை எடுத்து ஸ்பீக்கரில் போடச் சொன்னாள். அந்த ஓடிடி கம்பெனியிலிருந்து ஒரு பையன், மரியாதையான குரல். பிளான் முடிந்துவிட்டது, புதுப்பித்தால் குழந்தைகளுக்கு நிறையப் புதுத் தொடர்கள் இருக்கின்றன என்றான்.

கடைசியில் ஒரு மனுசன் கிடைத்துவிட்டான். அக்கா கையிலிருந்த காயைக் கீழே வைத்தாள்.

"எருமைக் கண்டக்டர எங்க வச்சிருக்கீங்க?"

அவனுக்குப் புரியவில்லை. விளக்கிச் சொன்னாள். அவன் தேடிப்பார்த்துவிட்டு, "அது இப்ப இல்ல மேடம். பாக்குறவங்க இல்லாததால எடுத்துட்டாங்க" என்றான்.

"பாக்குறவங்க இல்லையா? இங்க ஒருத்தி பாத்துக்கிட்டு இருக்கா. மத்தவங்க கேட்டுக்கிட்டு இருக்கோம். அத எழுதிக்கங்க தம்பி."

எழுதுவதற்குத் தன்னிடம் வழி இல்லை என்றான்.

"வழி இல்லன்னு சொல்லாதீங்க. யாருகிட்ட இருக்குன்னு சொல்லுங்க. நான் இருக்கேன்."

போனைச் சாக்கின்மேல் சாய்த்துவைத்துவிட்டு மறுபடி காய் பொறுக்க ஆரம்பித்தாள். எதிர்முனையில் விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. அவன் வைத்துவிட்டான் என்று நினைத்தேன். வைக்கவில்லை. வாடிக்கையாளர் வைக்கும்வரை தாங்கள் வைக்கக் கூடாது, மேடம் வைத்துவிட்டால் நல்லது என்று மெதுவாகச் சொன்னான். அவன் குரலில் கோபம் இல்லை.

"அப்ப கேளுங்க," என்றாள் அக்கா.

சாப்பாட்டு நேரம் ஆகியிருந்தது. அந்தப் பழைய டி.வி.யில் எருமை விசில் ஊதினான். மகள் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பெண்கள் காயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. யாரும் பேசவும் இல்லை. மகள் மெல்லுகிற சத்தம், கேட்க நினைத்தவனுக்குக் கேட்டிருக்கும். அந்த இடத்தை அன்று நான்கு தடவை போட்டோம். தட்டில் ஒரு பருக்கை இல்லாமல் முடிந்து, மாத்திரையும் தண்ணீரும் இறங்கிய பிறகு, அக்கா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து போனை வைத்தாள்.